குழந்தையின் இரத்தத்தில் எது நார்மல்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "அரை மணி நேரம் பேசுங்க சார், ஆனா எல்லாருக்கும் புரியற மாதிரி பேசுங்க, பன்னிரண்டரைக்கு இலை போட்டாகணும்" என்றார். இந்த மூன்று நிபந்தனையில் மூன்றாவதை மட்டும் கண்டிப்பாக நிறைவேற்றுவேன்.

நான் 1976-இல் இங்கே பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தவன். பிறகு உயிர்வேதியியல் படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் மருத்துவமனைப் பரிசோதனைக் கூடங்களில், பெரும்பாலும் குழந்தைகளின் இரத்தத்தோடு, காலம் தள்ளினேன். ஆனால் என் தொழில் ஆரம்பித்த இடம் இதோ இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பிராக்டிகல் ஹால்தான். சால்ட் அனாலிசிஸ் ஞாபகம் இருக்கிறதா? கிப்ஸ் ஆப்பரேட்டஸின் அழுகின முட்டை வாசனையை யாரும் மறந்திருக்க முடியாது. முதல் குரூப்பில் காரீயம் வந்துவிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். பொட்டாசியம் குரோமேட் இரண்டு சொட்டு விட்டால் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு விழும். அந்த மஞ்சளைப் பார்த்தால் இருபது மார்க் நிச்சயம். வேலையை முடித்துவிட்டுக் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கேன்டீனில் போய் போண்டா சாப்பிட்டவர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். அந்த மஞ்சளைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்றைக்கு நான் பேச வந்தது ஆரோக்கியமான குழந்தையின் இரத்தத்தில் இருக்கும் தாது உப்புக்கள், சுவடு தனிமங்கள் ஆகியவற்றின் அளவு பற்றி. கேட்கும்போது ஆராய்ச்சிக் கட்டுரைத் தலைப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் இது ஒவ்வொரு வீட்டிலும் வரும் பிரச்சினை.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு என் வகுப்புத் தோழன் ஒருவன் போன் செய்தான். குரல் நடுங்குகிறது. "டேய், பேரனுக்கு பாஸ்பரஸ் ஹைன்னு ஸ்டார் போட்டு வந்திருக்குடா. நெட்டுல பார்த்தா கிட்னி ஃபெயிலியர்னு போட்டிருக்கான். மூணு வயசுக் குழந்தைடா." எவ்வளவு என்று கேட்டேன். 5.4 என்றான். "சீட்டுல பக்கத்துல என்ன ரேஞ்ச் போட்டிருக்கு, படி" என்றேன். 2.5 முதல் 4.5 வரை. "இது உனக்கும் எனக்கும் உள்ள ரேஞ்ச்டா. உன் பேரனுக்கு உள்ளது இல்லை. போய்த் தூங்கு" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். வளரும் குழந்தைக்கு எலும்பு கட்ட பாஸ்பரஸ் வேண்டும். அதனால் குழந்தையின் இரத்தத்தில் பாஸ்பரஸ் நம்மைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மூன்று வயதில் 5.4 என்பது சாதாரணம். ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதியும் அப்படித்தான். எலும்பு வளர்கிற வயதில் அது பெரியவர்களின் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். தாமிரம் வேறு மாதிரி. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் தாமிரம் மிகக் குறைவு, ஆனால் கல்லீரலில் ஏராளமாகச் சேர்த்துவைத்திருக்கும். பிறகு மாதங்கள் போகப்போக இரத்தத்தில் ஏறும். ஆக, குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. பெரியவர்களின் அளவுகோலைக் குழந்தையின் சீட்டில் அச்சடிப்பது பரிசோதனைக் கூடத்தின் சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்தை நானும் செய்திருக்கிறேன், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

சரி, இந்த நார்மல் ரேஞ்ச் எங்கிருந்து வருகிறது? யாராவது மேலிருந்து எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள் குறைந்தது 120 பேரிடம் இரத்தம் எடுத்து, அளவுகளை வரிசையாக அடுக்கி, கீழே நூற்றுக்கு இரண்டரைப் பேரையும் மேலே இரண்டரைப் பேரையும் வெட்டிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை நார்மல் என்கிறோம். இதன் பொருள் என்ன? நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்கு ஸ்டார் விழும் என்று நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டோம். இருபது டெஸ்ட் அடங்கிய ஒரு பேக்கேஜ் எடுத்தால், அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துக்கொண்டால், ஒரு வியாதியும் இல்லாதவருக்குக் குறைந்தது ஒரு ஸ்டாராவது விழ 64 சதவீத வாய்ப்பு. கணிதத் துறை நண்பர்கள் 0.95-ஐ இருபது தடவை பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த 120 பேரைப் பிடிப்பதே பெரும் பாடு. ஒரு வயதுக்கு ஒரு ரேஞ்ச், ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று தனித்தனியாக வேண்டும். பிறந்த மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே கால் லிட்டருக்குள்தான்; இரண்டு காபி டம்ளரில் அடங்கிவிடும். நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பிடித்து ஊசி குத்த எந்தத் தாய் சம்மதிப்பாள்? அதனால் பல காலம் ஆஸ்பத்திரிக்கு வேறு காரணத்துக்காக வந்த குழந்தைகளின் மிச்ச இரத்தத்தை வைத்தே ரேஞ்ச் போட்டார்கள். கனடாவின் டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் கேலிபர் என்ற பெயரில் ஒரு திட்டம் நடத்தி, ஆயிரக்கணக்கான ஆரோக்கியமான குழந்தைகளிடம் பெற்றோர் சம்மதத்தோடு இரத்தம் பெற்று, வயதுவாரியாக அளவுகளை வெளியிட்டார்கள். 2012-இலிருந்து அந்தக் கட்டுரைகள் வருகின்றன. படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏனென்றால் எண்பதுகளின் நடுவில் நாங்களும் ஒரு சின்ன முயற்சி செய்தோம். ஊழியர்களின் வீட்டுக் குழந்தைகள் முப்பது பேரைச் சேர்த்து, துத்தநாகம் பார்த்தோம். கருவி அணு உறிஞ்சல் நிறமாலைமானி. ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1950-களில் கொண்டுவந்த முறை. துத்தநாகத்துக்குத் துத்தநாக விளக்கு. அது வெளியிடும் 213.9 நானோமீட்டர் ஒளியைத் துத்தநாக அணு மட்டும் விழுங்கும். எவ்வளவு விழுங்கியது என்று பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அழகான தத்துவம். முடிவு வந்தது. முப்பது குழந்தைக்கும் துத்தநாகம் அதிகம்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் துத்தநாகம் இருக்கிறது, துத்தநாகப் பூச்சுப் பூசிய குழாய் காரணம் என்று நான் ஒரு கட்டுரைக்கே முன்னுரை எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் கூடத்தில் ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார், நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்னார்: "சார், எழுதறது இருக்கட்டும். அதே ட்யூப்ல வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணியை ஊத்தி, மூடி போட்டு, ஒரு ராத்திரி கவுத்து வச்சுப் பாருங்க." வைத்தோம். காலையில் தண்ணீரிலும் துத்தநாகம். ரப்பர் மூடி! ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள் என்பதை நான் எம்.எஸ்ஸி.யில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன். இரண்டு மாத வேலை வாஷ்பேசினில் போனது.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. சுவடு தனிமம் என்றால் டெசிலிட்டரில், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில், மைக்ரோகிராம் கணக்கு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் ஊசி, மூடி, கையுறைப் பவுடர், தூசி எல்லாமே குற்றவாளிதான். இரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தால் அதற்குள் இருக்கும் துத்தநாகமும் மக்னீசியமும் பொட்டாசியமும் வெளியே கொட்டி எல்லாம் ஏறிவிடும். குழந்தை திமிறும்போது விரலைப் பிதுக்கி எடுத்த இரத்தத்தில் இது சர்வசாதாரணம். இதற்கென்று சுத்தம் செய்த தனி ட்யூப் உண்டு, கருநீல மூடியோடு. உங்கள் பேரன் பேத்திக்குத் துத்தநாகமோ காரீயமோ பார்க்கச் சொன்னால், "எந்த ட்யூப்ல எடுக்கறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதும் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

துத்தநாகம் மனிதனுக்குத் தேவை என்பதையே உலகம் 1960-களில்தான் ஒத்துக்கொண்டது. காரணமானவர் பீகாரில் பக்சரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத். அவர் ஈரானில் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது 21 வயது இளைஞன் ஒருவன் வந்தான். பார்த்தால் பத்து வயதுப் பையன். புளிக்காத ரொட்டி, அதோடு மண் தின்கிற பழக்கம். இரத்தச்சோகை என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இவர் வளர்ச்சி நின்றதற்குக் காரணம் துத்தநாகக் குறைவாக இருக்குமோ என்று 1961-இல் எழுதினார். பிறகு எகிப்தில் அதை நிரூபித்தார். பலர் நம்பவில்லை. 2022-இல் அவர் காலமானபோது உலகம் முழுக்க வயிற்றுப்போக்குக்குக் குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இரத்தத்தில் துத்தநாகம் பார்த்துக் குறைவு என்று சொல்வது அவ்வளவு லேசில்லை. பத்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எல்லை, காலையில் எடுத்தால் டெசிலிட்டருக்கு 65 மைக்ரோகிராம். பிற்பகலில் எடுத்தால் 57. அதாவது ஒரே குழந்தைக்கு 60 வந்தால், காலையில் எடுத்திருந்தால் குறைவு, மத்தியானம் எடுத்திருந்தால் குறைவில்லை! காய்ச்சல் இருந்தால் இன்னும் இறங்கும், ஏனென்றால் உடம்பு அதைக் கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ளும். 2016 முதல் 2018 வரை நம் நாட்டில் நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பத்து முதல் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளில் 32 சதவீதம் பேருக்குத் துத்தநாகம் குறைவு என்று வந்தது. ஒன்றிலிருந்து நான்கு வயதுக்குள் 19 சதவீதம். ஊர் நிலவரம் அறிய இந்த எண் உதவும். ஒரு தனிக் குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அதே டெஸ்ட் அவ்வளவு உதவாது.

கால்சியம் இன்னும் பெரிய ஏமாற்றுக்காரன். உடம்புக் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில். இரத்தத்தில் அளவு குறையாமல் பார்த்துக்கொள்வது உடம்பின் முதல் வேலை. குறைந்தால் எலும்பிலிருந்து கடன் வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டிவிடும். கால் வளைந்த குழந்தையின் சீட்டில்கூடக் கால்சியம் நார்மல் என்று வரலாம். வங்கியில் பாக்கி சரியாக இருக்கிறது, வீட்டில் நகை அடகுக்குப் போய்விட்டது என்பது மாதிரி.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்புக்கு வேண்டியவை. இனி வேண்டாத ஒன்று. அதைப் பற்றிச் சொல்லத்தான் நான் இன்றைக்கு வந்தேன்.

1989-இல் ஒரு நாள் ஒருவர் தன் நான்கு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழைய பேட்டரிகளை உடைத்து, தகடுகளை உருக்கி, காரீயக் கட்டியாக வார்த்து விற்கிற தொழில். பட்டறையும் வீடும் ஒரே கொட்டகை. பையனுக்கு அடிக்கடி வயிற்று வலி, சிடுசிடுப்பு, சாப்பிடுவதில்லை. குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டுக் காரீயம் பார்க்க எழுதியிருந்தார். பார்த்தோம். டெசிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம். எங்கள் சீட்டில் அச்சடித்திருந்தது: 25-க்குக் கீழ் நார்மல். நானாக வைத்ததில்லை, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1985-இல் வைத்த எல்லை.

அவர் கேட்டார்: "ஐயா, பையனுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒண்ணும் இல்லைப்பா, நார்மல்தான். பயப்படாம போ" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனார். பையன் என் மேஜை மேல் இருந்த பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

1991-இல் அதே அமெரிக்க மையம் எல்லையை 10 என்று இறக்கியது. எங்கள் நூலகத்துக்கு அந்தச் செய்தி வந்து நான் படித்தபோது 1992 ஆகிவிட்டது. நான் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். 22. என் கையெழுத்து. மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சீட்டில் இருந்த விலாசத்துக்குப் போனேன். கொட்டகை காலியாக இருந்தது. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. தரையெல்லாம் கருப்பாக, மழுமழுவென்று ஒரு தூசி. இரண்டு குழந்தைகள் அதில் விளையாடிக்கொண்டிருந்தன.

என் தப்பு என்ன? கருவி சரி. ட்யூப் சரி. கணக்கு சரி. 'நார்மல்' என்ற சொல்தான் தப்பு. எல்லோருக்கும் இருப்பதை, இருக்க வேண்டியது என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தத் தப்பை முதலில் கண்டுபிடித்தவர் மருத்துவரே இல்லை. கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க நிலவேதியியலாளர். விண்கல்லில் உள்ள காரீயத்தை அளந்து பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டு என்று 1956-இல் சொன்னவர். அந்த அளவை எடுக்க அவர் பட்ட பாடு, எங்கள் ரப்பர் மூடிக் கதையைப்போல ஆயிரம் மடங்கு. எதை அளந்தாலும் காரீயம். காற்றில், தண்ணீரில், பாத்திரத்தில், தன் தலைமுடியில். ஆய்வகத்தையே தேய்த்துக் கழுவி, காற்றை வடிகட்டி, ஆளைத் தலையிலிருந்து கால்வரை மூடி வேலை செய்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: ஆய்வகத்துக்குள் வரும் காரீயம் மனிதனுக்குள் போகாமலா இருக்கும்? 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: அமெரிக்கர்களின் இரத்தத்தில் வழக்கமாகக் காணப்படும் காரீயம் இயற்கையான அளவைப்போலச் சுமார் 100 மடங்கு, வழக்கமானது என்பதால் அது இயற்கையானது ஆகிவிடாது. பெட்ரோலில் கலந்த காரீயம் முக்கியக் காரணம். அந்தத் தொழிலைச் சார்ந்தவர்கள் அவரைச் சும்மா விடவில்லை, அது தனிக் கதை.

கணக்கைப் பாருங்கள். 1976 முதல் 1980 வரை அமெரிக்காவில் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் சராசரி காரீயம் 15. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு 10-க்கு மேல். நோயாளிக் குழந்தைகள் இல்லை, ஓடி விளையாடிய குழந்தைகள். அவர்களிடம் 120 பேரைப் பிடித்து நம் 95 சதவீத முறைப்படி ரேஞ்ச் போட்டால், 20-ஐத் தாண்டியும் நார்மல் என்று வரும்! காரீயப் பெட்ரோலை நிறுத்தினார்கள், டப்பாக்களில் ஈயப்பற்று வைப்பதை நிறுத்தினார்கள். 1988 முதல் 1991 வரை எடுத்த கணக்கில் சராசரி 3.6. இப்போது ஒன்றுக்கும் கீழே. மனித உடம்பு மாறவில்லை, நார்மல் மாறிவிட்டது. எல்லைக்கோடும் 1960-களில் 60, பிறகு படிப்படியாக 1985-இல் 25, 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 என்று இறங்கி வந்திருக்கிறது. அந்த 3.5-கூடப் பத்திரமான அளவு இல்லை. அமெரிக்கக் குழந்தைகளில் மேலே இருக்கும் இரண்டரை சதவீதத்தைப் பிரித்துக் காட்டும் கோடு, அவ்வளவுதான். பத்திரமான அளவு என்று ஒன்று இதுவரை தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பிடித்து நிறுத்தச் சொல்கிறார்கள்.

காரீயம் ஏன் குழந்தையைக் குறிவைக்கிறது? உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறது. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்ந்தால், சின்னக் குழந்தைக்குப் பாதிவரை சேரும். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடுதல். அதாவது ஏழைக் குழந்தைக்கு இரண்டு அடி. போய்ச் சேரும் இடம் மூளை. அறிவுத்திறன், கவனம், பொறுமை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. "படிப்பு ஏறலை, முரட்டுப் பய" என்று வாத்தியார் சொல்வார், முடிந்தது.

நம் நாட்டில் இதை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ். தொண்ணூறுகளின் கடைசியில் ஜார்ஜ் ஃபவுண்டேஷன் சென்னை, வேலூர் உட்பட ஏழு நகரங்களில் நடத்திய சோதனையில் அவர் பங்கு பெரிது. பன்னிரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு 10-க்கு மேல் இருந்தது. 2000-இல் நாடு முழுக்கக் காரீயப் பெட்ரோல் நின்றது. அதோடு தீர்ந்தது என்று நானும் நினைத்தேன். 2009-இல் சென்னைப் பள்ளிக் குழந்தைகள் எழுநூறு பேருக்கு மேல் பார்த்து ஓர் ஆய்வு வந்தது. சராசரி 11! அளவு கூடக்கூட வகுப்பில் நடத்தையும் கவனமும் மோசமாவதையும் அதில் காட்டியிருந்தார்கள். யுனிசெஃப் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகத்தில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு, 5-க்கு மேல். அதில் 27 கோடிக்கும் அதிகம் இந்தியாவில்.

பெட்ரோல் போனபின் எங்கிருந்து வருகிறது? பேட்டரிக் கொட்டகை ஒன்று. பழைய வீட்டு எனாமல் பெயின்ட் இன்னொன்று; 2017-இலிருந்து வீட்டுப் பெயின்ட்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது, ஆனால் சுவரில் ஏற்கெனவே இருப்பதைச் சட்டம் சுரண்டாது.

மூன்றாவதுக்கு வருகிறேன். நம் பிராக்டிகல் ஹாலின் அந்த மஞ்சள் வீழ்படிவு. லெட் குரோமேட். மங்கலான மஞ்சள் கிழங்கைப் பளபளப்பாக்க அதையே தடவுகிறார்கள். பங்களாதேஷில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போன ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், ஜென்னா ஃபோர்சித் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், 2019-இல் அதை மஞ்சள் தூளில் பிடித்தார்கள். அரசாங்கம் கடைவீதியில் சோதனை போட்டு, அபராதம் விதித்து, செய்தித்தாளில் எச்சரித்தது. 2019-இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் இருந்த காரீயம் 2021-இல் ஒன்றிலும் இல்லை. இரண்டு வருஷம்! மஞ்சள் மங்கலாக இருந்தால் அதை வாங்குங்கள் என்று என் வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஈயச் சொம்பு ரசத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். ஈயச் சொம்பு என்றால் வெள்ளீயம். அது வேறு தனிமம், அதில் பயமில்லை. காரீயத்தைக் கலந்து வார்த்தால்தான் ஆபத்து. புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைத்துக் கொடுக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம்பிக்கையான இடத்தில் வாங்கியதா என்று தெரியாவிட்டால், ஷோகேஸில் வைத்துவிட்டு எவர்சில்வரில் கொதிக்கவிடுங்கள். வாசனை கொஞ்சம் குறையும், சம்மதிக்க வேண்டியதுதான்.

மாணவர்களுக்கு ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. காரீயத்தில் எல்லோருக்கும் இருப்பதை நார்மல் என்று சொல்லி ஏமாந்தோம். ஹீமோகுளோபினில் இப்போது அதற்கு நேர் எதிரான வழக்கு நடக்கிறது. ஐந்து வயதுக்குள் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை என்பது 1968-இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. 2021-இல் நம் இந்திய ஆராய்ச்சியாளர்கள், அதே தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் இரும்பும் பிறவும் குறையாத ஆரோக்கியமான குழந்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் பார்த்து, நம் குழந்தைகளுக்கு எல்லை இதைவிடக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். 2024-இல் உலக சுகாதார நிறுவனமே ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் எல்லையை 10.5 என்று இறக்கியது. எல்லையை இறக்கினால் இலட்சக்கணக்கான குழந்தைகள் ஒரே நாளில் சோகையிலிருந்து விடுபடுவார்கள், ஒரு கீரைக்கட்டுகூட வாங்காமல்! அது உண்மையா, அல்லது தலைமுறை தலைமுறையாக அரை வயிறு சாப்பிட்ட ஜனங்களின் சராசரியை நாம் ஆரோக்கியம் என்கிறோமா? இரண்டு பக்கமும் நல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். நான் பொறுக்கி எடுத்தவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஏனென்றால் அவர்கள் இரும்பையும் அளந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஆனால் 22-க்கு நார்மல் என்று கையெழுத்துப் போட்டவன் நான். முழுசாகச் சாய மாட்டேன்.

முன்னாள் மாணவர்களில் மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கும், சொந்தமாக லேப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குழந்தையின் சீட்டில் குழந்தையின் ரேஞ்சைப் போடுங்கள், வயதோடு. காரீயத்துக்கு மட்டும் நார்மல் ரேஞ்ச் என்ற தலைப்பையே எடுத்துவிடுங்கள். 'இவ்வளவு இருக்கிறது, எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்' என்று எழுதினால் போதும். நான் ஓய்வு பெறுவதற்கு முன் எங்கள் கூடத்தின் சீட்டில் அப்படித்தான் மாற்றி அச்சடித்தேன். அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் செய்து, "சார், நார்மல் வேல்யூ விட்டுப் போச்சு" என்றார். விட்டுப் போகவில்லை என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயது இருக்கும்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதிக் கேள்விகளைப் பந்தியில் கேளுங்கள். ரசம் எந்தப் பாத்திரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.